களப்புப் படத்தில் ஒரு வெள்ளை இடம்

நினைவகம் போதவில்லை என்று கணினி சொன்னவுடன் உங்களில் பாதிப் பேர் பெரிய கணினி கேட்டுத் தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுக்கிறீர்களாம். மற்றப் பாதிப் பேர் கணினியை அணைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்து வந்து மறுபடி போட்டுப் பார்க்கிறீர்களாம். கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்றவளிடம் போய், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அனுபவத்தில் ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று கேட்டால், முதலில் இப்படி இரண்டு குட்டு வாங்கத்தான் வேண்டும்.

நிரல் எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நிரல் செத்துக் கிடக்கிறது, ஆட்கள் வாசலில் காத்திருக்கிறார்கள், நேரம் இல்லை. அந்த வேளையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதையும் ஒரே ஒரு நாளின் கதையாகச் சொல்கிறேன். அன்று எனக்கு இருந்த பதற்றம் இதை எழுதும்போதும் கொஞ்சம் வருகிறது.

உள்நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலோடு சேர்ந்த உப்பேரியான புத்தளம் களப்பில் கடற்புல் அழிந்துகொண்டு வருகிறது, ஒரு பகுதியில் வலை போடுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று மேலிடத்தில் தீர்மானித்திருந்தார்கள். எந்தப் பகுதி என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. யார் எங்கே தொழில் செய்கிறார்கள் என்று படம் போட்டுத் தரும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. கற்பிட்டியில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கினோம். கீழே வீட்டுக்காரர் வெங்காயம் காயப்போட்டிருப்பார், மேலே நாங்கள் தரவு காயப்போட்டிருப்போம்.

தரவு வந்தது தோணிகளில் இருந்து. சவர்க்காரக் கட்டி அளவான ஒரு கருவியைத் தோணியில் கட்டிவிடுவோம். சில விநாடிகளுக்கு ஒருமுறை தோணி இருக்கும் இடத்தை அது பதிந்துகொள்ளும். இப்படிக் களப்பைச் சுற்றியுள்ள துறைகளின் தோணிகள் எல்லாம் மாதக்கணக்கில் பதிந்தால் எவ்வளவு தரவு என்று நீங்களே யோசியுங்கள். எங்கள் நிரல் களப்பைச் சின்னஞ்சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் தோணிகள் எவ்வளவு நேரம் நின்றன என்று கூட்டும். அதிக நேரம் நின்ற இடம் கடும் சிவப்பாக வரும். யாருமே போகாத இடம் வெள்ளையாக வரும். வெள்ளை இடத்தில் தடையைப் போட்டால் யாருடைய வயிற்றிலும் அடித்ததாக இருக்காது என்பதுதான் எண்ணம்.

இனி சபூர் நானாவைச் சொல்ல வேண்டும், நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். தொண்ணூறில் வடக்கில் இருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கம் இருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த சனங்களில் அவர் ஒருவர். நானும் அப்படி வந்தவள்தான். கற்பிட்டிப் பிரதான வீதிக்கு உள்ளே அவரும் அவருடைய ஊர்ச் சனமும் ஒரு குடியிருப்பாக இருந்தார்கள். உச்சமுனைத் தீவின் களப்புப் பக்கத்தில் ஆழமில்லாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே நண்டு வலை போடுவதுதான் அவர்கள் எல்லோருக்கும் சீவியம். 'வந்த ஆக்களுக்கு இங்க என்ன உரிமை' என்று துறையில் யாராவது ஒருவர் எப்போதாவது கேட்பார். சபூர் நானா தன் பாட்டில் தோணியைத் தள்ளிக்கொண்டு போவார். கருவியைக் கட்டிவிட்ட அன்று அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி என்ட வாயால ஒண்டும் சொல்லத் தேவல்ல மகள். இது சொல்லும்" என்றார். அந்த நம்பிக்கையைக் கேட்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

தடைக்கோடு போடுகிற கூட்டம் புத்தளத்தில். மத்தியான ளுஹர் தொழுகைக்குப் பிறகு தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று போடுகிற கோடுதான் கோடு, பிறகு அதை அசைப்பது லேசான காரியம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். சபூர் நானா எங்கள் வேனிலேயே வருவதாகக் காலையிலேயே வெள்ளைச் சட்டையும் சாரமுமாக வந்து, கீழே வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே எங்கள் நிரல் செத்துக் கிடந்தது.

எங்கள் பொறுப்பாளரை எல்லோரும் மாத்தயா, அதாவது சிங்களத்தில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். சிலாபத்துக்காரர். சிங்களமும் தமிழும் அவருக்கு ஒரே மூச்சில் வரும். நல்ல மனுசன், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றியவர் மாதிரி நிற்பார். "ஐயோ மிஸ், நேத்து ஓடினதுதானே இது?" என்றார்.

"நேத்து கொஞ்சத் தோணிக்கு ஓடினது மாத்தயா. இண்டைக்கு எல்லாத் தோணியும் போட்டிருக்கு."

மாத்தயா கொழும்புத் தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பெரிய கணினி கேட்டார். நாளைக்குத் தரலாம் என்றார்கள். சதுரங்களைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டார். செய்திருக்கலாம், நினைவகமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் நண்டுக்காரரின் இடம் சின்னது. சதுரம் பெரிதானால் அந்த இடம் பக்கத்து வெறுங்கடலோடு கலந்து, வெளிறிப்போய் ஒன்றுமில்லாததாகிவிடும். கணினிக்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சனங்களின் கடலைக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை. முடியாது என்று சொன்னேன். மாத்தயாவுக்கு முகம் சுருங்கியது.

நான் செய்த முதல் வேலை, நிரலை மறுபடி ஓடவிட்டு, நினைவகம் எப்படிக் கூடுகிறது என்று கண் வெட்டாமல் பார்த்தது. இதை நீங்கள் யாரும் செய்வதில்லை. செத்த பிறகு வந்து பார்க்கிறீர்கள், சாகும்போது பார்ப்பதில்லை. வேலை முடிந்தும் பிடித்த இடத்தை விடாமல் வைத்திருக்கும் நிரல் என்றால் நினைவகம் படிப்படியாக ஏறும். எங்களுடையது அப்படி ஏறவில்லை. வெகுநேரம் சும்மா இருந்தது. சதுரங்களைப் பிரிக்கத் தொடங்கிய இடத்தில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, கணினி அதைக் கொன்றுவிட்டது. அப்படியென்றால் நிரலில் எங்கும் ஒழுக்கு இல்லை, யாரோ அதனிடம் அளவுக்கு மீறிய ஒன்றைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் கேட்கிறார்கள் என்று பிடிக்க, தரவைத் துறை துறையாகப் பிரித்துத் தனித்தனியாக ஓடவிட்டேன். ஒவ்வொன்றாக ஓடி முடிந்தது. ஒரே ஒரு தொகுதி மட்டும் செத்தது. அதில் மட்டும் படத்தின் நான்கு எல்லைகளையும் அச்சிட்டுப் பார்த்தேன். கிழக்கு சரி, மேற்கு சரி, தெற்கு சரி. வடக்கு எல்லை களப்பைத் தாண்டி, கடலைத் தாண்டி, மன்னார்ப் பக்கம் போய் நின்றது. கற்பிட்டியில் இருந்து அங்கே வரைக்கும் உள்ள அவ்வளவு கடலையும் தரையையும் எங்கள் நிரல் சின்னஞ்சிறு சதுரங்களாக வெட்டப் பார்த்திருக்கிறது. பாவம், அது சாகாமல் என்ன செய்யும்.

மாத்தயாவுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. "ஜீபிஎஸ் பிழை மிஸ். இங்கன ஒரு தோணி அங்கன போகுமா? வேக வடிகட்டியப் போடுங்க." எங்கள் நிரலில் அப்படி ஒரு வசதி இருந்தது. தோணியால் போகவே முடியாத வேகம் எந்தப் பயணத்தில் தெரிகிறதோ, அந்தப் பயணத்தை முழுதாகத் தூக்கி வீசிவிடும். கருவி பழுதானால் இப்படித்தான் செய்வோம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. போட்டேன். நிரல் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது.

படம் வந்தது. அழகான படம். துறைகளின் முன்னால் சிவப்பு, வாய்க்கால்களில் செம்மஞ்சள், நடுவில் துப்புரவான வெள்ளை. மாத்தயா கைதட்டினார். படத்தை அப்போதே கூட்டத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, எங்களோடு களவேலை செய்த ரிஸ்னாவிடம் மீன் வைத்த மாலு பாண் வாங்கிவரக் காசு கொடுத்தார். வேனைத் திருப்பி நிறுத்தக் கீழே போனார். எனக்கும் நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

ஓடி முடிந்த நிரலை நம்பாதீர்கள், பிள்ளைகளே. செத்த நிரல் தன் குறையைத் தானே சொல்லிவிடும். ஓடி முடிந்த நிரல் வாயைத் திறக்காது. நீங்கள்தான் அதைக் குடைய வேண்டும். நான் குடைந்ததற்குக் காரணம் புத்தி அல்ல. கீழே உட்கார்ந்திருந்த மனுசனுடைய வெள்ளைச் சட்டை. அவருக்குக் காட்டுவதற்காக உச்சமுனைப் பக்கத்தைப் பெரிதாக்கினேன். நண்டுக்காரரின் இடம் வெள்ளையாக இருந்தது. வெளிறல்கூட இல்லை, ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை. தடைக்கோடு போடுவதற்கு அதைவிட வசதியான இடம் முழுக் களப்பிலும் இல்லை.

வடிகட்டி தூக்கி வீசியவை யாருடைய பயணங்கள் என்று பார்த்தேன். பழுதான கருவிகள் என்றால் அங்கொன்று இங்கொன்றாக எல்லாத் துறையிலும் இருக்க வேண்டும். இவை அத்தனையும் ஒரே குடியிருப்பு. சபூர் நானாவுடைய தோணியும் அவருடைய சனத்தின் தோணிகளும்.

வீசப்பட்ட பயணம் ஒன்றை எடுத்துத் திரையில் வரைந்தேன். அது சபூர் நானாவுடையது. களப்புக்குள் வலை போட்டு, வலை இழுத்து, வளைந்து நெளிந்து போகிற கோடு. அது திடீரென்று அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக வடக்கே போகிறது, மறுபடி நேராகத் திரும்பி வந்து அதே இடத்தில் வலை இழுக்கிறது. இப்படி ஒரே பயணத்தில் பல தடவை. ஒவ்வொரு தடவையும் போய்த் தொடுகிற புள்ளி ஒன்றேதான், கடைசி இலக்கம் வரைக்கும் ஒன்றேதான். உண்மையில் நிற்கிற தோணி, கட்டிப்போட்டிருந்தாலும் கொஞ்சம் ஆடும், அதன் புள்ளியும் ஆடும். இது ஆடவே இல்லை. அந்தப் புள்ளியைப் பெரிதாக்கினேன். அது கடலே இல்லை. தரை. மன்னாரில் முசலிப் பக்கத்தில் ஒரு கிராமம், பள்ளிவாசலுக்குப் பின்னால் போகிற ஒழுங்கை. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்.

அந்த நேரம் பார்த்து மாலு பாண் பையோடு ரிஸ்னா ஏறி வந்தாள். கற்பிட்டிக்குத் தெற்கே உள்ள மாம்புரிப் பிள்ளை, கெட்டிக்காரி, கருவிகளைத் துறை துறையாகப் போய்க் கட்டியவள் அவள்தான்.

"ரிஸ்னா, கருவியக் கட்டக்குள்ள அந்த ஆக்கள்ட என்ன கேட்ட நீ?"

"பேரு, தோணி நம்பர், அப்புறம் சொந்த ஊர் மிஸ். தமிழ்ல போட்டா அப்பிடித்தான் டெப்லட்ல வருது. 'சொந்த ஊர்' எண்டு. அவங்க சொன்ன இடத்த மெப்ல தொட்டு விட்டன்."

"என்ன சொன்னாங்க?"

"மன்னார்ப் பக்கம் ஒரு ஊரு சொன்னாங்க. ஏன் மிஸ், பிழையா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கருவியோடு வந்த மென்பொருள் கேட்க நினைத்தது, தோணி எந்தத் துறைக்குத் திரும்பி வரும் என்பதை. அதை யாரோ எங்கேயோ இருந்து 'சொந்த ஊர்' என்று தமிழாக்கிவிட்டார்கள். கண்டல் மரங்களின் மறைவிலோ வேறு எங்கேயோ கருவிக்குச் சமிக்ஞை விட்டுப்போகும்போதெல்லாம், தோணி திரும்பிப் போய்விட்டது என்று எண்ணி, அந்தப் புள்ளியை மென்பொருள் தானாக இடையில் செருகியிருக்கிறது. எங்கள் நிரல் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்திருக்கிறது. மற்றச் சனங்களிடம் கேட்டபோது துறையும் ஊரும் ஒன்றாகவே இருந்தன. அதனால் அவர்களிடம் ஒன்றும் தெரியவில்லை. இவர்களிடம் கேட்டபோது, கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்.

ரிஸ்னாவைக் கேட்டால் அவளுக்கு மாம்புரி ஊர், மாம்புரி துறை. அவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப்பட நியாயமில்லை. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். புத்தளத்தில் எனக்குக் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது, பிள்ளைகள் பிறந்ததும் படித்ததும் அங்கேதான், வாக்கும் அங்கேதான். ஊர் எது என்று கேட்டால் மட்டும் வாயில் வேறு பெயர் வரும். எத்தனை வருடமானாலும் அப்படித்தான், அதை நான் மாற்ற நினைத்ததும் இல்லை.

மாத்தயா மேலே வந்தார். விசயத்தைச் சொன்னேன். கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மெப்ப அனுப்பிட்டேனே மிஸ்."

"அது பிழையான மெப் மாத்தயா."

"இப்ப அதக் காட்டுவம். பொறகு திருத்திக் குடுப்பம். எழுதிக் குடுப்பம், நம்ம சைட்ல பிழை எண்டு."

"கோடு விழுந்த பொறகு எத எழுதிக் குடுத்தும் என்ன பிரயோசனம்? அந்த ஆக்கள் நாளைக்கு எங்க வல போடுவாங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். நான் குரலை உயர்த்திவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. கீழே சபூர் நானாவுக்கும் கேட்டிருக்கும். கடைசியில் மாத்தயா சொன்னார்: "பாங்கு சொல்ற வரைக்கும் டைம் தாரன். சொன்னா வெளிக்கிடணும். லேட்டாப் போனா ஒரு மெப்பும் இல்ல."

பள்ளிவாசல் இரண்டு ஒழுங்கை தள்ளி. தொழுகைக்கு அழைக்கிற பாங்குக்கு அதிக நேரம் இருக்கவில்லை.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். நேரம் தந்துவிட்டு மாத்தயா சொன்ன வழி, மன்னார்ப் புள்ளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர்களுடைய கற்பிட்டித் துறையைப் போடுவது. கேட்க நியாயமாக இருந்தது. நான் ஓடிப்போய்ப் படிக்கட்டில் நின்றபடி, "நானா, தோணிய எங்க கட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"கட்டுறது இங்க துறையிலதான் மகள். ஏன்?"

"உங்கட ஆக்கள் எல்லாரும் இங்கயேதானா?"

"எல்லாரும் எண்டு சொல்ல ஏலா. காத்து மாறினா சில ஆக்கள் மாம்புரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போவாங்க. அங்க ஓலையால வாடி போட்டு இரிக்கிறவங்களும் இரிக்காங்க. என்ன மகள், நம்மட தோணி அதுல வருதுதானே?"

"வரும் நானா" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

எல்லோருக்கும் கற்பிட்டித் துறை என்று போட்டால், ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொரு பொய்யை வைத்தவள் ஆவேன். கூட்டத்தில் யாராவது ஒருவர், இந்தத் தோணியை நான் அன்றைக்கு மாம்புரியில் கண்டேனே என்று சொன்னால், மொத்தப் படமும் கிழிந்துபோகும். ஆகவே நான் எதையும் போடவில்லை. மென்பொருள் செருகிய அந்த ஆடாத புள்ளியை, கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதை மட்டும் எடுத்தேன். சமிக்ஞை இல்லாத நேரத்தைச் சமிக்ஞை இல்லாத நேரமாகவே விட்டேன். தெரியாத இடம் தெரியாததாகவே கிடக்கட்டும். தோணி உண்மையில் பதிந்த புள்ளிகள் மட்டும் மிஞ்சின. வேக வடிகட்டியையும் அணைத்தேன். அவசரத்தில் இருக்கும்போது தரவில் எதையாவது சேர்க்கக் கை துருதுருக்கும். சேர்க்காதீர்கள். நாம் சேர்த்ததை எடுக்கிற உரிமை மட்டும்தான் நமக்கு இருக்கிறது.

நிரலை ஓடவிட்டேன். ரிஸ்னா எனக்குப் பின்னால் நின்றாள், அவளுடைய மூச்சு என் தோளில் பட்டது. சதுரம் பிரிக்கிற இடத்துக்கு வந்தது. நினைவகம் ஏறியது. பாயவில்லை, ஏறியது. பாதிக்கு மேல் போய் நின்றது. கூட்டத் தொடங்கியது. அப்போது ஒலிபெருக்கியில் கரகரப்புச் சத்தம் வந்து, பாங்கு ஆரம்பமானது. மாத்தயா வேன் சாவியோடு வாசலில் வந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதிருப்பேன்.

"மாத்தயா, பாங்கு சொல்லிட்டாங்க" என்றாள் ரிஸ்னா மெதுவாக.

"சொல்லிட்டு இருக்காங்க" என்றார் மாத்தயா. "சொல்லி முடியட்டும்."

அந்த மனுசன் எங்கள் மார்க்கத்துக்காரர் இல்லை, பாங்கு எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றார். முஅத்தின் கடைசி வரியைச் சொல்லும்போது திரையில் படம் விரிந்தது. உச்சமுனைப் பக்கத்தில் கடும் சிவப்பாக ஒரு திட்டு. ரிஸ்னா சத்தம் போட்டே கத்திவிட்டாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதியிருக்க மாட்டேன். புத்தளத்துக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் மாத்தயா காலையில் அனுப்பிய அழகான படம் இருந்தது. தலைவர் ஒரு சிங்கள உத்தியோகத்தர், கண்டிப்பானவர். நாங்கள் புதிய படத்தைத் திரையில் போட்டதும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் ஒன்று, மத்தியானம் இன்னொன்று, எதை நம்புவது என்று கேட்டார். பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "வெள்ளையா இருந்த இடம் வேன் வந்து சேர்றதுக்குள்ள செவந்து போச்சா?" என்றது. மண்டபமே சிரித்தது. சபூர் நானா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்து விளக்கினேன். நினைவகம், சதுரம், எல்லை, செருகப்பட்ட புள்ளி என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. தலைவர் பேனையை மூடினார். பேனையை மூடினால் பழைய படம்தான் என்று அர்த்தம்.

மாத்தயா எழுந்தார். தலைவரைப் பார்த்துச் சிங்களத்தில், "சேர்கே கம கொஹேத?" என்றார். கம என்றால் ஊர்.

தலைவர் யோசிக்கவே இல்லை. "மாத்தறை" என்றார். அது நாட்டின் தென்கோடியில் இருக்கிறது.

"இண்டைக்குக் காலையில சேர் எங்க இருந்து வெளிக்கிட்டு வந்தீங்க?"

"இங்க, குவார்ட்டர்ஸ்ல இருந்து. வேற எங்க இருந்து?"

"சேர்ட ஜீப் ஒவ்வொரு நாளும் மாத்தறையில இருந்து வந்து மாத்தறைக்குப் போகுதெண்டு எங்கட கம்பியூட்டர் நெனச்சிருக்கு. அவ்வளவு வேகமா ஒரு ஜீப் ஓட ஏலா எண்டு சொல்லி, சேர் ஒபிசுக்கு வந்ததே இல்ல எண்டு வெட்டிட்டது. காலையில வந்த மெப் அதுதான்."

தலைவர் சிரித்தார். மண்டபத்தில் இருந்த உத்தியோகத்தர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கம வேறு, குவார்ட்டர்ஸ் வேறு. சபூர் நானாவின் ஒரு நாள் பயணத்தைத் திரையில் போடச் சொன்னார் தலைவர். வலை போட்டு வலை இழுக்கிற அந்த வளைந்த கோட்டைப் பார்த்துவிட்டு, பின்வரிசைக்காரரிடம் இதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று கேட்டார். அவர் எழுந்து பார்த்தார். "தொழில் செய்ற கோடுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தடைக்கோடு அந்தத் திட்டை விட்டு விலகி, வாய்க்காலுக்கு அப்பால் போனது.

எனக்கு விளக்கத் தெரிந்தது நிரல். மாத்தயாவுக்கு விளக்கத் தெரிந்தது எதிரே இருந்த மனுசனுக்கு. காலையில் அவரோடு கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை. கத்தாவிட்டால் அந்தப் படம் இல்லை. ஆனால் அவர் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் அந்தப் படத்தாலும் பயன் இல்லை.

திரும்பி வரும்போது மாத்தயா வேனை ஓட்டினார், ரிஸ்னா முன்னால் தூங்கிவிட்டாள். நானும் சபூர் நானாவும் பின்னால். தடைக்கோடு விலகிய சந்தோசத்தில் அவர் வாய் ஓயாமல் கதைப்பார் என்று நினைத்தேன். அவரோ சீட்டின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தார். உப்பளத்தைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மகள், அந்தக் கம்பியூட்டருக்குள்ள இருந்து நம்மட ஊர எடுத்துட்டீங்களாமே. அந்த ரிஸ்னாப் புள்ள சொன்னிச்சு."

"ஓம் நானா. எடுத்தாத்தான் தோணி தெரியும். அதான் எடுத்தன்."

"அது விளங்குது." அவர் என் பக்கம் திரும்பினார். "எடுத்தத என்ன செஞ்சீங்க?"

தோணியில் இருந்து வந்த மூலத் தரவில் கைவைக்கக்கூடாது, எதைத் திருத்தினாலும் பிரதியில்தான் திருத்த வேண்டும் என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்திருப்பார்கள். கொட்டாவி விட்டிருப்பீர்கள். அந்தப் பதற்றத்திலும் நான் அதை மீறவில்லை. பிழை நேர்ந்தால் திரும்பிப் போவதற்காகத்தான் அந்த விதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அழிக்கல்ல நானா. நீங்க சொன்ன இடத்துலயே அப்பிடியே இரிக்கு."

"எல்லாருடையதுமா?"

"எல்லாருடையதும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தடைக்கோடு விலகியபோதுகூட அப்படி ஒரு மூச்சு அவரிடம் இருந்து வரவில்லை. அப்போதுதான் அவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.